கிட்டார் ஸ்டாண்டில் உங்கள் படம்

இன்று உங்களுக்கு முதல் வருஷத் திதி. சாமி கும்பிட்டு முடிப்பதற்குள்ளேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது. உங்கள் படத்தை எதன்மேல் வைப்பது என்று தேடிய உங்கள் தம்பி, பேஸ் கிட்டாரைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அதன் ஸ்டாண்டில் உங்களை வைத்து மாலையும் போட்டுவிட்டார். "கணக்கா நிக்குது பாருங்க அண்ணி" என்று பெருமை வேறு. "படத்தை எறக்குங்க" என்று கத்திவிட்டேன். வந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்தக் கிட்டாரை எங்கே வைப்பது என்பதுதானே தொண்ணூறுகளில் நம் வீட்டின் ஓயாத வழக்கு! துடியலூரில் இரண்டே அறை. வாரமெல்லாம் உங்களுக்கு மோட்டார் கம்பெனியில் வெல்டிங் வேலை. சனி, ஞாயிறு வந்தால் மெல்லிசைக் குழுவில் பேஸ். சாதாரணக் கிட்டாரைவிட அது நீளம், தலைப்பக்கம் கனம். சுவரில் சாய்த்தால் சரிந்தது. பீரோவுக்குள் நுழையவில்லை. கட்டிலுக்கடியில் என்றால் மழைக்காலத்தில் தரை ஓதம். சாமான் போடுகிற அட்டாலியில் ஏற்றுங்கள் என்றேன்; மேலே இருக்கிற சிமெண்ட் ஷீட் சூட்டில் கழுத்து வளைந்துபோகும் என்றீர்கள். கடைசியில் கட்டிலில் என் பக்கம் அது படுத்தது, நான் பாயில் படுத்தேன். மூன்று மாதம்! எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள், சொல்லுங்கள்?

என் வாய்க்குப் பயந்துதான் அந்த ஸ்டாண்டே பிறந்தது. கடையில் விற்பதெல்லாம் சின்னக் கிட்டாருக்கு, நம்முடையதை வைத்தால் குப்புற விழும் என்று சொல்லி, கம்பெனியில் கேட்டு வாங்கி வந்த குழாய்த் துண்டுகளில் மூன்று கால்களை அகலமாக விரித்து நீங்களே பற்றவைத்தீர்கள். கீறல் விழக்கூடாதென்று சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினீர்கள். ஒரே மாதத்தில் அந்த ட்யூப் பட்ட இடமெல்லாம் வார்னிஷ் கரைந்து கறுத்துப்போனது. உங்கள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், பழைய வேட்டியைக் கிழித்து ட்யூபுக்கு மேலே போட நான்தான் உறை தைத்துக் கொடுத்தேன். அதன்பிறகு ஒரு குறையும் இல்லை. ஆள் போய் இடித்தாலும் அசையாது.

அதுவே வினையாகிவிட்டது. போகிற மண்டபத்திலெல்லாம் யாராவது அதைக் கேட்டார்கள், நீங்களும் கொடுத்தீர்கள். அன்னூர்க் கல்யாண வரவேற்புக்கு நானும் உங்களோடு வந்திருந்தேன். பாதிப் பாட்டு பாக்கி இருக்கும்போது குழுவைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து, வாசலில் நல்வரவுப் பலகை வைக்க அந்த ஸ்டாண்டு கிடைக்குமா என்றார். "எடுத்துக்குங்க, அதுக்கென்னங்க" என்று கொடுத்துவிட்டு, கிட்டாரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்த்துப்போட்டுப் பந்திக்குப் போனீர்கள். யாரோ அந்த நாற்காலியை இழுத்திருக்கிறார்கள். விழுந்த சத்தம் பந்திவரை கேட்டது. ஓடிவந்து பார்த்தால், கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில் நீளமாக விரிசல். பெரியப்பாவே பதறிப்போனார். நீங்களோ சிரித்துக்கொண்டு, "பரவாயில்லீங்க, பாத்துக்கலாமுங்க" என்றீர்கள். எங்கிருந்துதான் வந்ததோ அந்தச் சிரிப்பு!

எனக்குத் தாங்கவில்லை. வாசலுக்குப் போய்ப் பலகையை இறக்கிக் கீழே வைத்தேன். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு நேரே மேடை ஏறினேன். "ஏனுங்க, கேக்கறதுக்கும் ஒரு அளவு வேணுமுங்க. இது அவுரு பொழப்புங்க" என்று பெரியப்பாவிடம் சொன்னேன். மைக் பக்கத்தில் இருந்தது, மண்டபம் முழுக்கக் கேட்டுவிட்டது.

வீடு வந்ததும் சொன்னீர்கள்: "நாலு பேத்து முன்னால என்னைய இன்னொருக்கா தலைகுனிய வெச்சுப்போடாத அம்மணி. எனக்கு வேணுமின்னா நானே கேட்டுக்குவேன்." கையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டீர்கள். விரிசலை ஒட்டி, அதிலேயே பல வருஷம் வாசித்தீர்கள். ஆனால் எப்போது கேட்டீர்கள்? ஒரு தடவையாவது உங்களுக்கென்று வாய் திறந்தீர்களா?

போன வருஷம் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டோக்கனோடு உட்கார்ந்திருந்தீர்கள். நம் முறை வந்தது. கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணைப் பார்த்து, "நீங்க மொதல்ல போங்க" என்றீர்கள். அடுத்து ஒரு பெரியவருக்கும் விட்டுக்கொடுத்தீர்கள். உங்கள் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். இவரை முதலில் பாருங்கள் என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. சத்தியம் செய்திருக்கிறேனே என்று விழுங்கிக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டபோது நீங்கள் எழுந்திருக்கவில்லை.

மரத்தில் செய்த ஒரு பொருளுக்காக மேடை ஏறிச் சண்டை போட்டவள், உங்களுக்காக அந்தக் கதவைத் தட்டவில்லை. உங்கள்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. என்மேல் அதைவிட.

இன்று காலை அத்தனை பேர் முன்னால் போட்டேனே ஒரு சத்தம், அதைப் போட்டிருக்க வேண்டிய நாள் இன்றல்ல.