மதகுப் பலகையின் தலையில் அரக்கு

“கையை எடும் ஓய், சுட்டுப்புடும்—”

“முத்திரைமேல கத்தி வச்சா நாடு கடத்தணும்னு சட்டம்—”

“பலகையே செத்துக்கிட்டிருக்கு, இதுல சட்டமாம்—”

“—தெரியுமா, தெரியாதா உனக்கு?”

மழை தவறாது பெய்க. பெய்த மழை வீட்டுக்குள் வாராது மதகு வழியே போக. ஏழு மதகுடைய பேரேரிக்கு உரியவரும், பகைவர் வரும் செய்தி கேட்ட மாத்திரத்தில் கோட்டைக் கதவைச் சாத்தும் பேராற்றல் படைத்தவருமான நெடுங்கரை நாட்டு அரசியார் நங்கைநாச்சியாரின் திருவோலை, தாழைக்கரை மதகுக் கண்காணி கோடன் கீரனாருக்கு. நீரும், உம் சுற்றமும், சென்ற வெள்ளத்தில் கதவு போன உம் வீடும் நலமே ஆகுக.

மேற்கண்ட கூச்சல் எதற்கென்று நீர் வியக்கக்கூடும். சுருக்கி எழுதினால் கீரனார் நம்பமாட்டார், பேசியது பேசியபடியே போகட்டும் என்பது அரசியாரின் திருவாக்கு. முதற்குரல் மின்பலகைக் கம்மியர் எயினியுடையது. மற்றது முத்திரைநாயகம் பொழிலருடையது.

நீர்மட்டம் பார்த்து மதகைத் தாமே திறந்து மூடும் உள்ளங்கையளவு மின்பலகைகளை எயினி செய்து தந்ததும், அவை ஏழும் ஒன்றுபோலக் கொதித்து, மூன்று நாழிகைக்கு ஒருமுறை மூர்ச்சையாகி, மதகைப் பாதியில் விட்டுத் தாழைச்சேரியை இருமுறை இடுப்பளவு நீரில் நிறுத்தியதும் நீர் அறிந்ததே. இன்னும் பத்து நாளில் மழை. அதற்குள் பலகை தேறாவிட்டால் எயினி நாட்டை விட்டே போகவேண்டும் என்று பொழிலர் வாதாட, அவையும் தலையாட்டியிருந்தது. எயினியின் அக்காள் வீடு தாழைச்சேரியில்தான். தான் நாடு கடந்துபோனாலும் அக்காள் நீரில்தானே நிற்பாள் என்பதே அவளுக்கு நெஞ்சில் முள்.

ஆகவே ஒரு பலகையைக் கழற்றி அவைக்கே கொண்டுவந்தாள். மின்சாரம் கூடுதலோ என்று அளந்தாள், அளவாகத்தான் இருந்தது. மின்சாரம் தரும் கம்பி தவிர மற்றக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பிடுங்க ஒன்றும் மிச்சமில்லாதபோதும் பலகை தோசைக்கல்லாய்க் காய்ந்தது. கடைசியில், அரண்மனை வாசலையே காணாத இன்னொரு பலகையைத் தன் பையிலிருந்து எடுத்து, இரண்டையும் அருகருகே ஓட்டினாள். அரண்மனைப் பலகை மூன்று நாழிகையில் மூச்சடைத்தது. பையிலிருந்து வந்த ஏழைப் பலகையோ பொழுது சாயும்வரை பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஏழைப் பலகையின் தலையில் அரக்கு இல்லை. அரண்மனைப் பொருள் எதுவாயினும், பானையோ பல்லக்கோ, நட்டநடுவில் அரச முத்திரை வேண்டும். முத்திரை அழிந்தால் அன்றே மறுமுத்திரை வேண்டும் என்பது நம் நாட்டு வழக்கம். பலகையின் நட்டநடுவில் இருப்பதோ அதன் மூளையாகிய சில்லு. சூட்டில் அரக்கு உருகும். உடனே பொழிலர் அரக்குச் சட்டியோடு மதகு மதகாய் நடந்து, கடமை தவறாது மேலும் ஊற்றுவார். பதினொரு முறை ஊற்றியதில் அது அதிரசமாய்த் தடித்திருந்தது.

“காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பதினொரு கம்பளி போர்த்தினா காய்ச்சல் இறங்குமா ஓய்?”

“அரச முத்திரையைக் கம்பளின்னா சொல்றே?”

“கம்பளியா இருந்தா உதறிடலாமே!”

அரசியார் சிரித்தார் என்று ஓலையில் எழுதலாகாது. புதுச் சீப்பு செருகிய கொண்டை குலுங்க இருமினார். இருமி முடித்து, “சுரண்டு” என்றார்.

எயினி கத்தியை எடுத்துச் சுரண்டினாள். அரக்குக்கு அடியில் வெப்பத்தகடு பத்திரமாக இருக்கும் என்றே அவள் நினைத்திருந்தாள். அரக்கு பெயர்ந்தது, அடியில் தகடு இல்லை, சில்லு மொட்டையாக இருந்தது.

“சில்லுமேல வெள்ளியாட்டம் ஒரு தகடு வச்சிருந்தேனே, பல்லு பல்லா! சூட்டை வாங்கிக் காத்துல விடுறதே அதுதானே? எங்கே ஓய்?”

மீசையைச் சீவிக்கொண்டிருந்த பொழிலரின் கை நின்றது. பல்லின்மேல் முத்திரை படியாமையால் ஏழு தகடுகளையும் தாமே பெயர்த்ததாகவும், எறிய மனமின்றி ஒன்றைத் தமக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பெரியோர்க்குச் சீப்பாகப் பரிசளித்ததாகவும், அவற்றுள் ஐந்து உம் அலுவலகமாகிய மதகுக் கச்சேரிக்கே வந்ததாகவும் அவர் பணிந்து விண்ணப்பித்தார்.

ஆதலால் கீரனாரே, ஓலை கண்ட பொழுதே மற்ற ஆறு பலகைகளின் அரக்கையும் சுரண்டுவதும், உம் கச்சேரியார் தலைவாரும் ஐந்து தகடுகளையும் நான்கு நாளுக்குள் எயினியிடம் சேர்ப்பதும் உம் கடன். தகட்டைத் தராதவர் எவராயினும், எத்துணை உயர்ந்த தலையாயினும், மழை முடியுமட்டும் மதகடியில் நின்று பலகைக்குப் பதிலாகக் கையால் திறந்து மூடக் கடவர். எயினி இந்நாட்டிலேயே இருப்பாள். அரக்கு இனி ஓலைக்கு மட்டுமே. இது அரசியாரின் ஆணை, மாற்றுவாரில்லை. முத்திரை இடப்பட்டது.

அரக்கு ஆறுமுன் எயினி விரல்விட்டு எண்ணினாள்.

“அஞ்சு கச்சேரியில. ஒண்ணு இவர் மீசையில. ஏழாவது உங்க கொண்டையில இருக்கு, தாயே.”