ஏழுக்குப் பிறகு

14 ஜூலை 2004, புதன், ஹைதராபாத்

இன்று டைரக்டர் எனக்குச் செய்தது அநியாயம். தெலுங்கைச் சினிமா போஸ்டர் படித்தே கற்றுக்கொண்டு, இருபத்தாறு வருஷம் சொந்தக் குரலில் வில்லனாக நடித்தவன் நான். ஒரு வசனம் நாலு டேக் போனது. அதற்காக, "சார், ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே வாயசைங்க. டப்பிங்ல வேற ஆள் பேசிக்குவாங்க" என்றார். பம்பாயிலிருந்து வரும் கதாநாயகிகளிடம் சொல்வது அது.

வீம்புக்குத் தமிழிலேயே எண்ணினேன். ஏழு வரை வந்தது. அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. "அந்த முழி பிரமாதம் சார், ஷாட் ஓகே" என்று கை தட்டினார்கள்.



டப்பிங்கை நானே பேசுவேன் என்று டைரக்டரிடம் மேனேஜர் சொல்ல வேண்டும். டாக்டரிடம் நான் போக வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு யாரும் சொல்லக் கூடாது. என் மனைவி கமலாவிடம் நான்தான் சொல்ல வேண்டும், நாளைக்கே, மறப்பதற்குள்.