சோளகக் காற்றில் அம்மாவின் கலியாணம்

அம்மா,

போன கிழமை சாட்டிக் கடற்கரையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம். மணலிலே வெள்ளைத் துணி சுற்றிய வளைவு, வரிசையாக வெள்ளைக் கதிரைகள், கண்ணாடிப் போத்தல்களுக்குள் சின்ன விளக்குகள். அந்த நாடுகளில் கடற்கரையில் கலியாணம் வைக்கிறவர்கள் இப்படித்தான் சோடிப்பார்களாம். அழகாகத்தான் இருந்தது. கரையில் ஒதுங்கிய சாதாளை வெயிலில் காய்ந்து நாறிக்கொண்டிருந்ததை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மணப்பெண் என்னைக் கடந்து போனபோது அவள் தலையிலிருந்த மல்லிகையின் வாசமும் அந்தக் கடற்பாசி நாற்றமும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் என்னோடு கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை இருந்தாள். "என்னக்கா, தலை சுத்துதோ?" என்று கேட்டாள்.

"இல்லையடி. அம்மாவின்ரை கலியாணம் ஞாபகம் வந்திட்டுது."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அதை நீங்கள் எப்பிடிப் பாத்திருப்பியள்?"

"நான்தான் தோழி" என்றேன்.

அவளுக்கு அன்று முழுக்கதையும் சொல்ல நேரமிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து உங்களுக்கே எழுதுகிறேன்.

அப்பா போனபோது நான் நாலாம் வகுப்பு. அண்ணா எட்டாம் வகுப்பு. இடம்பெயர்ந்து போன ஊரில் காய்ச்சல் வந்து, மருந்து கிடைக்காமல் போனவர். திரும்பி எங்கள் ஊர் மடத்துவெளிக்கு வந்து, எங்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நீங்கள் படித்துக் குடும்பநல மாதுவாக வேலை எடுத்தீர்கள். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. சனம் உங்களை "மிஸி" என்றுதான் கூப்பிடும். அண்ணா கனடாவுக்குப் போனான். நான் கலியாணம் முடித்து வேலணைக்கு வந்தேன். கடைசியாக உங்களுக்கு நெடுந்தீவுக்கு மாற்றம் கிடைத்தது. திங்கட்கிழமை படகேறி வெள்ளிக்கிழமை திரும்பி வருவீர்கள். வெள்ளி பின்னேரம் நான் தொலைபேசி எடுத்தால், "வீடு தூசி" என்பதுதான் உங்கள் முதல் வார்த்தை. அந்தத் தூசியைத் தவிர அந்த வீட்டில் உங்களோடு வேறு ஒருவரும் இல்லை என்பதை நான் யோசித்ததில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வந்திருந்தபோது, குசினியில் மீன் வெட்டிக்கொண்டே சொன்னீர்கள்.

"பிள்ளை, நெடுந்தீவிலை சூசை எண்டு ஒருத்தர். மாடு வளர்க்கிறவர். மனுசி செத்திட்டா. பிள்ளையள் இல்லை. என்னைக் கட்டலாமோ எண்டு கேட்டவர். நான் ஓம் எண்டிட்டன்."

எனக்கு, "என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே அம்மா?" என்றுதான் வந்தது.

"கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? கலியாணம் எனக்குத்தானே."

அப்படிச் சொல்லிவிட்டு, வெட்டின துண்டையே திரும்ப வெட்டினீர்கள். நான் கத்தியை வாங்கி மிச்ச மீனை வெட்டினேன். "ஆள் எப்பிடி?" என்று கேட்டேன். உடனே நீங்கள் சுவரோடு சாய்ந்து இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினீர்கள்.

பிள்ளைப்பேற்று வலி வந்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வாகனம் கிடைக்காமல் அவருடைய ட்ரக்டரை மறித்திருக்கிறீர்கள். கல்லுப் பாதை. பின்னால் பெட்டிக்குள் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா ஓட்டும், உமக்குக் கண் தெரியாதோ?" என்று வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை பிறந்தது. அடுத்த நாள் ஒரு முட்டி தயிரோடு உங்கள் விடுதிக்கு வந்து நின்றிருக்கிறார். "நேற்று என்னை அந்தப் பேச்சுப் பேசினனீங்கள், மிஸி. மனுசி செத்தாப்பிறகு என்னை ஒருத்தரும் அப்பிடி ஏசிப் பேசேல்லை" என்றாராம்.

"அதைக் கேட்டுச் சிரிச்சனான் பிள்ளை" என்றீர்கள். "சிரிச்சிட்டுப் பிறகு கதவைப் பூட்டிப்போட்டு அழுதனான்."

அண்ணாவுக்குச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அவன் கத்தியது எனக்கும் கேட்டது. "இந்த வயதிலை உங்களுக்கு ஏன் இந்த வேலை? அப்பா இருந்தால் என்ன நினைப்பார்?"

"அப்பா இருந்தால் நான் ஏன்ரா இன்னொருத்தரைக் கட்டப்போறன்?"

அண்ணா தொடர்பைத் துண்டித்தான். அதற்குப் பிறகு உங்களோடு அவன் கதைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வழக்கமாக அவன் எடுக்கிற நேரத்துக்குத் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள்.

எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். அவர் வேதக்காரர், நாங்கள் சைவம். "என்ரை பிள்ளையாரும் எனக்கு வேணும், அவரின்ரை அந்தோனியாரும் அவருக்கு வேணும். ஆரும் மாறத் தேவையில்லை" என்றீர்கள். பதிவாளருக்கு முன்னால் எழுத்துப் போடுவது, மாலை மாற்றுவது, சாப்பாடு. இவ்வளவுதான் உங்கள் திட்டம். மண்டபம் கேட்ட இடத்தில் ஏதோ சாட்டுச் சொல்லித் தர மறுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மாமி வந்தா. அப்பாவின் அக்கா. படலையைத் திறந்து அவ வருவதைக் கண்டதும் சண்டைக்குத்தான் வருகிறா என்று நான் நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டீர்கள். மாமி கதிரையில் இருந்து, கொடுத்த தேத்தண்ணியை முழுவதும் குடித்து முடித்தா.

"மச்சாள், என்ரை தம்பி போன நாளிலை இருந்து நீர் தனிய இருக்கிறதைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். எனக்கு வாயாலை சொல்லத் துணிவு வரேல்லை. நீர் உம்மடை பாட்டிலை துணிஞ்சிட்டீர்." பிறகு கோப்பையை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னா: "குறிகாட்டுவான் துறைப் பக்கம் என்ரை கடலோரக் காணி சும்மாதானே கிடக்கு. அங்கை வைப்பம்."

நீங்கள் அவவின் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். இரண்டு பேரும் அழவில்லை. அப்பாவைப் பற்றி நெடுநேரம் கதைத்தீர்கள்.

கலியாணத்துக்குக் கூழ் என்று நீங்கள் சொன்னபோது மட்டும் மாமியே மறுத்தா. "விசரே உமக்கு? ஆர் கலியாணத்திலை கூழ் காச்சுறது?" நீங்கள் விடவில்லை. கடற்கரையில், காற்றுக்குள், இலையில் சோறு போட்டு ஆரால் சாப்பிட ஏலும் என்று கேட்டீர்கள். கடைசியில் பெரிய கிடாரத்தில், பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் கொதித்தது. நண்டு, இறால், மீன்தலை, பலாக்கொட்டை, பயற்றங்காய் எல்லாம் போட்டு. குடிப்பதற்குப் பனையோலையில் பிளா கோலி அடுக்கி வைத்திருந்தோம்.

கலியாணத்தன்று விடியவே சோளகக் காற்று எழும்பிவிட்டது. பந்தல் துணி பாய்மரம் போல அடித்தது. நெடுந்தீவிலிருந்து காலைப் படகு வெளிக்கிடாது என்று துறையிலிருந்து செய்தி வந்தது. மாப்பிள்ளையும் அவருடைய ஆட்களும் அந்தப் படகில்தான் வரவேண்டும். பதிவாளர் வந்துவிட்டார். அழைத்தவர்களில் வந்தவர்கள் கொஞ்சப் பேர். அதிலும் ஒரு உறவுக்காரர், எல்லாருக்கும் கேட்கும்படி, "சகுனம் பிழைச்சுப் போச்சு" என்றார்.

கிடாரத்தடியில் அகப்பையோடு நின்ற மாமி திரும்பினா. "சகுனம் பாக்க வந்த ஆக்கள் போகலாம். கூழ் குடிக்க வந்த ஆக்கள் இருக்கலாம்."

அவர் எழுந்து போகவில்லை.

மாமி உங்களிடம் வந்தா. கழுவித் துடைத்த விரலால் குங்குமம் தொட்டு உங்கள் நெற்றியில் வைத்தா. இத்தனை காலம் வெறுமையாக இருந்த நெற்றி. அதை வைக்கும் உரிமை உலகத்தில் ஒருவருக்கு உண்டென்றால் அது அப்பாவின் அக்காவுக்குத்தான் என்று எனக்கு அப்போது பட்டது. நான் உங்கள் கொண்டையில் மல்லிகையைச் செருகினேன். காற்று ஒரு பக்கம் பூவின் வாசத்தையும் மறுபக்கம் சாதாளையின் நாற்றத்தையும் கொண்டுவந்தது.

"அவர் வராட்டி நாளைக்கு வைப்பம் பிள்ளை" என்றீர்கள். "ஆள் கடலிலை இறங்காமல் இருந்தால் அதுவே காணும்."

சொல்லி வாய் மூடவில்லை, நெடுந்தீவிலிருந்து ஒருவர் என் தொலைபேசிக்கு எடுத்தார். சூசை ஐயா படகுக்குக் காத்திருக்கவில்லை என்றும், இரண்டு மீன்பிடிக்காரரோடு வள்ளத்தில் வெளிக்கிட்டுவிட்டார் என்றும், வெளிக்கிட்டுக் கனநேரம் என்றும் சொன்னார்.

அதை உங்களிடம் சொன்னபோது இருந்த உங்கள் முகத்தை நான் மறக்கமாட்டேன். எழுந்து, பட்டுச்சேலையோடு தண்ணீர்க் கரைக்கு நடந்தீர்கள். அலை வந்து சேலைக் கரையை நனைத்தது. நீங்கள் குனிந்து பார்க்கவில்லை. நான் பின்னால் வந்து நின்றேன். உங்களைத் தொடவே பயமாயிருந்தது. ஒரு தரம் விதவையான மனுசி, மணப்பெண் கோலத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், அம்மா. எனக்குத் தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டேன். அந்தோனியாரையும் விடவில்லை.

வள்ளம் முதலில் தெரிந்தது மாமிக்குத்தான். அலைக்குள் மறைந்து, எழும்பி, மறைந்து வந்தது. நடுவில் ஒருவர் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஒரு பொலித்தீன் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். கரைக்குக் கிட்ட வந்ததும் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையும் உடம்போடு ஒட்டி, தலையிலிருந்து உப்புத்தண்ணீர் ஒழுகியது. பைக்குள் இருந்தவை கலியாணத்துக்குப் போட வாங்கிய புதுச் சப்பாத்துகள். ஒரு துளி படவில்லை.

நீங்கள் தொடங்கினீர்கள். "உங்களுக்கு என்ன விசரோ? இந்தக் காத்துக்கை ஆரும் வள்ளம் இறக்குவினமோ? உங்களைக் கடல் கொண்டுபோயிருந்தால் நான் என்ன செய்யிறது? இன்னொருக்கா என்னாலை ஏலாது, விளங்குதோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"விளங்குது, மிஸி."

நீங்கள் சேலைத் தலைப்பை எடுத்து, எல்லாருக்கும் முன்னால், அவருடைய தலையைத் துவட்டினீர்கள். நல்லாய் அழுத்தி, காதுக்குப் பின்னாலும், கழுத்தும். அவர் உங்கள் உயரத்துக்குக் குனிந்து கொடுத்தார். "எல்லாரும் பாக்கினம், மிஸி" என்றார் மெதுவாக.

"பாக்கட்டும்" என்றீர்கள்.

எழுத்துப் போட்டதும் மாலை மாற்றியதும் பிறகு நடந்தவை. என் கண்ணுக்கு உங்கள் கலியாணம் அந்தத் தண்ணீர்க் கரையிலேயே முடிந்துவிட்டது. ஈரச் சட்டையோடும் காய்ந்த சப்பாத்தோடும் அவர் கையெழுத்து வைத்தார். வள்ளக்காரர் இரண்டு பேரையும் அவருடைய பக்கத்து உறவாகக் கதிரையில் இருத்தினோம். சகுனம் பார்த்த உறவுக்காரர் கூழுக்குத் திரும்பத் திரும்பப் பிளா நீட்டினார். மாமி ஒவ்வொரு தரமும் நண்டுக்கால் பார்த்து வார்த்தா.

வேலையிலிருந்து ஓய்வு எடுத்த பிறகு நெடுந்தீவிலேயே இருந்துவிட்டீர்கள். நான் வரும்போதெல்லாம் இரண்டு பேரும் எதற்காவது வாக்குவாதப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். கன்றுக்குப் பால் எவ்வளவு விடுவது, கறிக்குப் புளி எவ்வளவு விடுவது. கலியாணமாகியும் அவர் உங்களை மிஸி என்றுதான் கூப்பிட்டார்.

ஒரு ஞாயிறு உங்கள் தொலைபேசி அடித்தபோது நீங்கள் மாட்டுப்பட்டியில். அவர் எடுத்திருக்கிறார். மறுமுனையில் அண்ணா. "அம்மாவைக் கூப்பிடுறன் தம்பி. அங்கை இப்ப நல்ல குளிரோ?" என்று கேட்டாராம். அண்ணா, "ஓம், நல்ல குளிர்" என்றானாம். ஓடிவந்து தொலைபேசியை வாங்கிய உங்களுக்கு மூச்சு வாங்கியதை அண்ணா பிறகு எனக்குச் சொன்னான். அதன்பிறகு ஞாயிறு தவறவில்லை.

உங்கள் வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பெண்கள் நோயாளர் விடுதி என்பதால் பார்வை நேரம் தவிர அவரை உள்ளே விடமாட்டார்கள். மாடுகளை அயலாரிடம் விட்டுவிட்டு வந்தவர், வெளியே மர நிழலில் பகல் முழுக்க இருந்தார்.

நீங்கள் போன பிறகு உங்களை மடத்துவெளி வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். அண்ணா வந்து சேர்ந்தான். வாய்க்கரிசி போடும் நேரம். சூசை ஐயா வேலியோரப் பூவரசுக்குக் கீழே செபமாலையோடு தள்ளி நின்றார். அண்ணா சனத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனான்.

"ஐயா, வாங்கோ."

"நான் வேதக்காரன், தம்பி. உங்கடை முறை எனக்குத் தெரியாது."

"நான் காட்டித் தாறன். வாங்கோ."

அண்ணா அவருடைய கையைப் பிடித்து அரிசியை அள்ளக் கொடுத்தான். அவர் போட்டார். போட்டுவிட்டு, வழமையாகக் கூப்பிடுகிற மாதிரி, "மிஸி" என்று ஒரு தரம் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை கிணற்றடியில் அண்ணா என்னிடம் கேட்டான். "அம்மா சந்தோசமா இருந்தவவோ?"

ஆஸ்பத்திரியில் நீங்கள் எனக்குச் சொன்னதை அவனுக்குச் சொன்னேன். கட்டில் ஓரத்தில் நான் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தபோது, கேளாமலே சொன்னீர்கள்.

"ரெண்டு தரமும் நல்ல மனுசரைத்தான் கட்டினனான் பிள்ளை. ரெண்டு பேரோடையும் வாழக் காலம் போதாமல் போச்சு. அதைத் தவிர ஒரு குறையுமில்லை."

அண்ணா வாளித் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

நீங்கள் அதைச் சொன்ன நாள் வரைக்கும், உங்கள் புது வாழ்வை மனதார ஏற்றுக்கொண்டிருந்த எனக்குள்ளும், அப்பாவுக்கென்று ஒரு மூலையை நான்தான் காவல் காக்கவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. நீங்கள் இரண்டு பேரையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள். எதுவும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. நான் உங்களிடமிருந்து எடுத்து வைத்திருப்பது அந்த ஒரு மூச்சைத்தான்.

அன்று ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லி முடித்ததும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நித்திரை என்று நினைத்தேன். "வெளியிலை நிக்கிறார். சாப்பிட்டவரோ எண்டு ஒருக்காப் போய்ப் பார்" என்றீர்கள்.

ஒவ்வொரு நாளும் காலையில் நெடுந்தீவுக்குத் தொலைபேசி எடுக்கிறேன், அம்மா. இன்றைக்கும் எடுத்தேன். சாப்பிட்டுவிட்டார்.