உன் பாலில் தேடிய தண்ணீர்

இன்று காலை பாகூரில் ஒரு வீட்டில், எச்சில் மாதிரி எடுக்கக் கைக்குழந்தையின் வாயோரம் பஞ்சை வைத்தேன். அது சப்பி இழுத்துக்கொண்டு விடவே மறுத்தது. பஞ்சை வெளியே எடுத்ததும் எழுந்த பால்வாடையில் சட்டென்று நீ நினைவில் வந்துவிட்டாய்.

பள்ளித் தோழி நீ. உனக்குக் குழந்தை பிறந்த சமயத்தில்தான் நான் ஆராய்ச்சி மாணவியாக ஊருக்குத் திரும்பியிருந்தேன். தாய்க்குக் கொஞ்சம் கனநீர் குடிக்கக் கொடுத்துவிட்டு, குழந்தையின் எச்சிலில் அதைத் தேடுவது என் வேலை. அதுவும் தண்ணீர்தான், அதிலுள்ள ஹைட்ரஜன் மட்டும் எடை கூடியது. கதிர்வீச்சு கிடையாது. உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, கருவிக்குத் தெரியும். தாய் குடித்தது பிள்ளைக்குப் போக ஒரே வழி பால். அதை வைத்துப் பிள்ளை எவ்வளவு பால் குடிக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

ஊரில் யாரும் சம்மதிக்கவில்லை. நீயாகத்தான் வந்தாய்.

"பால் பத்தலன்னு மாமி தெனம் சொல்றாங்கடி. புள்ள அழுதா என்னையே பாக்குறாங்க. உன் மிஷின் சொல்லுமா?"

"சொல்லும். பத்தலன்னும் சொல்லலாம்."

"சொல்லட்டும். தெரியாம தவிக்கறதுக்கு அது தேவல."

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னாடி, வெறும் தண்ணி!" என்று சிரித்தாய்.

முடிவு வந்த அன்று மடிக்கணினியோடு ஓடிவந்தேன். திரையில், உடம்பிலுள்ள கனநீரைக் காட்டும் உன் கோடு இறங்கிக்கொண்டே போக, மகளின் கோடு அடியிலிருந்து ஏறியது.

"இது நீ, இது அவ. உங்கிட்ட இருந்து போயிருக்குடி. தாராளமா போயிருக்கு!"

"மாமி! எம்புள்ள குடிச்சிருக்கா, வந்து பாருங்க!" தெருவுக்கே கேட்டிருக்கும்.

உன் மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ். அப்போ புள்ள ஏன் தெனம் இப்டி கத்துறா?"

"வாயாடி மாமி, உங்கள மாதிரி."

மூவரும் சிரித்த சிரிப்பில் குழந்தை பயந்து அழுதது.

அவள் நடக்கத் தொடங்குமுன் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

இப்போது எட்டாவது படிக்கிறாள். போன வாரம் என்னிடம், "அம்மாவப் பத்தி எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல ஆன்ட்டி," என்றாள்.

"உங்கம்மாகிட்ட இருந்து உனக்கு வந்தத நான் அளந்தே பாத்திருக்கேன்."

அவள் கண்கள் விரிந்தன. "எப்டி? மொதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரலும் ஏறிக்கொண்டே போனது. உன் உடம்பில் ஓடிய தண்ணீர் இன்னொரு உயிருக்குள் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்தப் பரவசம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.