அம்மா பாதி வழியில் நிறுத்திய லாரி

என் லாரிக்கார அம்மாவுக்கு,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. அங்கே உனக்கு எந்தச் சேதி போய்ச் சேரும், எது சேராது என்று எனக்குத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் நானே எழுதிவிடுகிறேன். அப்பா சாப்பிடுகிறார், தூங்குகிறார், ஊசியை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார். முதல் ஒரு மாதம் அப்படி இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்த கதையையே அவர்களுக்காகத் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

அப்பா முப்பது வருஷம் லாரி ஓட்டினார். மும்பையிலிருந்து பெங்களூர், சென்னை, சில சமயம் தூத்துக்குடி வரைக்கும். நீ தாராவியில் பை தைக்கும் பட்டறையில் இருந்தாய். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நீ அவர் லாரியில் ஏறியதில்லை. பிறகு சர்க்கரை அவர் கண்ணை எடுத்துக்கொண்டது. திலக் நகர் வீட்டின் நான்காவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போகிற வண்டியை எல்லாம் சத்தத்தை வைத்தே இன்ன வண்டி என்று சொல்லிக்கொண்டிருப்பார். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்லுவார்.

கம்ப்யூட்டர் என்னுடையது. கல்யாண வீடியோ எடிட்டிங்குக்காக வாங்கினேன். மாட்டுங்கா ஸ்டூடியோவில் வேலை கிடைத்த பிறகு அது வீட்டில் சும்மா கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் ஒரு லாரி ஓட்டும் கேமைப் போட்டேன். இஞ்சின் சத்தம் கேட்டதும் அப்பா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி, “எந்த வண்டி இது? நம்ம ஊரு வண்டி இல்லையே” என்றார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய் என்று இப்போதுதான் தோன்றுகிறது. மறுநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது வந்து நின்றாய். “அந்த லாரிய எனக்குச் சொல்லிக் குடு பிள்ளே.”

ஐம்பத்தெட்டு வயதில், பெடலில் தையல் மிஷின் மிதித்த காலோடு, நீ லாரி ஓட்டக் கற்றுக்கொண்டாய். உல்லாஸ்நகரில் யாரோ விற்ற பழைய கேம் ஸ்டியரிங் ஒன்றை வாங்கி வரச் சொன்னாய். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு நீ ஸ்டியரிங்கில், உனக்கு இடப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. அதற்கு கிளீனர் சீட் என்று பேர் வைத்தீர்கள். வழியில் தெரிவதையெல்லாம் நீ சொல்லுவாய். கியரை எப்போது மாற்ற வேண்டும் என்று அவர் சத்தத்தைக் கேட்டுச் சொல்லுவார். பேர் வாயில் நுழையாத ஏதேதோ வெளிநாட்டு ஊர்களுக்கெல்லாம் இரண்டு பேரும் போய் வந்தீர்கள்.

நான் கேலி செய்தேன், அம்மா. இந்த வயதில் கேமா என்று ஸ்டூடியோவில் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு வியாழக்கிழமை லாரியில் ஆப்பிள் ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் ஒரு பெட்ரோல் பம்பில் நிறுத்திவிட்டு, சோறு வைக்க எழுந்து போனாய். மறுநாள் காலையில் குளியலறையில் விழுந்தாய். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தோம், கடைசியாக ஒரு முறை.

அடக்கம் முடிந்து சபைக்காரர்கள், சொந்தக்காரர்கள் எல்லாரும் போனபின் அப்பா பேசுவதை நிறுத்திக்கொண்டார். எதைக் கேட்டாலும் “ம்.” ஆனால் ஐந்து மணி ஆனால் சுவரைத் தடவிக்கொண்டே வந்து கிளீனர் சீட்டில் உட்காருவார். ஆறு மணிக்கு எழுந்து போவார். கம்ப்யூட்டர் அணைந்தே கிடக்கும். ஸ்டூடியோவில் லீவு சொல்லிவிட்டு இதை நான் இரண்டு வாரம் பார்த்தேன். மூன்றாவது வாரம் அவராகவே பேசினார்.

“பிளெஸ்ஸி, ஆப்பிள் ஏத்துன வண்டி பம்புலயே நிக்கில்லா?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தேன். உன் பேரில் இருந்த ஆட்டத்தைத் திறந்தேன். நீ நிறுத்திய அதே பம்ப். வண்டியைச் சரியாகக் கோட்டுக்குள் நிறுத்தியிருந்தாய்.

பதினைந்து நிமிஷம் ஓட்டியிருப்பேன். திரை கறுத்தது, கம்ப்யூட்டர் அப்படியே அணைந்து, தானாகவே திரும்ப உயிர் பெற்றது.

“என்னாச்சு?”

“நின்னுட்டுப்பா.”

“இஞ்சினா?”

“தெரியல.”

கேமைத் திரும்பத் திறந்தால் லாரி அந்தப் பம்பிலேயே நின்றது. ஓட்டிய தூரமெல்லாம் போயிருந்தது. மறுநாள் இருபது நிமிஷத்தில் அணைந்தது. அதற்கு மறுநாள் ஐந்தே நிமிஷம். பாட்டு கேட்டால், படம் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. கேமைப் போட்டால் மட்டும்தான் இப்படி.

எடிட்டிங் தெரியுமே தவிர எனக்கு ரிப்பேர் தெரியாது. இருந்தாலும் தெரிந்ததை எல்லாம் செய்தேன். சூடாகி நிற்கிறதோ என்று கேபினெட்டைத் திறந்து, ஃபேனில் அப்பியிருந்த தூசியைத் துடைத்தேன். எவ்வளவு சூடு என்று காட்டும் புரோகிராமைப் போட்டுப் பார்த்தேன். சூடு ஒன்றும் அதிகமில்லை. ராமைக் கழற்றி, ஸ்கூல் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டினேன். கிராபிக்ஸ் கார்டின் டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கடைசியில் படத்தின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். மரங்களெல்லாம் அட்டை மாதிரி ஆகிவிட்டன. அப்பாவுக்கு அதனால் என்ன? அன்றைக்கு அரை மணி நேரம் ஓடியது. நான் நம்ப ஆரம்பித்த நேரம் பார்த்து அணைந்தது.

அப்பா எழுந்தார்.

“விடு பிள்ளே. அது அவ வண்டி. அவ கையிலதான் ஓடும்போல.”

அடுத்த நாள் ஐந்து மணிக்கு அவர் கிளீனர் சீட்டுக்கு வரவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊசி வேண்டாம் என்றார். பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அம்மா. உன்னை இழந்தபோது பயப்பட நேரமிருக்கவில்லை.

சனிக்கிழமை கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் தாராவி போனேன். அங்கே சுடலை என்று ஒருவர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரர். கரண்ட் கொடுக்கும் பெட்டியை மாற்றிப் பார்த்தார், திரும்பப் பழையதையே வைத்தும் பார்த்தார். உன் கேமையே போட்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்டார். ஒரு தடவைகூட அணையவில்லை.

“மேடம், டப்பால கோளாறு ஒண்ணும் கிடையாது. ஏக்தம் ஃபிட்டா இருக்கு. என் கடைல ஓடுது, ஒங்க வீட்ல நிக்கி. அப்பம் ஒங்க வீட்லதான் என்னமோ இருக்கு. அதைத் தேடுங்க.”

வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டினேன். கேமைத் திறந்தேன். பம்பை விட்டு வெளியே வந்து பன்னிரண்டாவது நிமிஷம் அணைந்தது. ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டேன். அப்போது கட்டிலிலிருந்து அப்பா பேசினார்.

“ஃபிரிட்ஜ் கெளம்புச்சு, வண்டி நின்னுட்டு.”

“என்னப்பா?”

“நம்ம ஃபிரிட்ஜ்தான். கர்ருன்னு கெளம்புதுல்லா, அந்த நேரம் பாத்து வண்டிச் சத்தம் நின்னுட்டு. அன்னைக்கும் அப்பிடித்தான் நின்னுச்சு.” கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். “ஒங்க அம்மை ஓட்டும்போது ஃபிரிட்ஜ் சத்தமே கேக்காதே. மொதல்ல அடுக்களைக்குப் போவா. டக்குன்னு ஒரு சத்தம் வரும். பொறவுதான் வந்து உக்காருவா.”

நான் எழுந்து ஓடினேன். ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கும் போர்டிலிருந்துதான் கம்ப்யூட்டருக்கும் ஒரு ஒயர் வந்துகொண்டிருந்தது. பிளக் போடும் இடம் கருகியிருந்தது. கேம் ஓடும்போது கம்ப்யூட்டர் கரண்டை அதிகம் இழுக்கும். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜும் கிளம்பினால் அந்தப் போர்டு இரண்டுக்கும் ஈடுகொடுக்கவில்லை. நான் பெட்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். கோளாறு சுவரில் இருந்தது. ஃபிரிட்ஜை அணைத்தேன். நாற்பது நிமிஷம் லாரி பம்பைச் சுற்றிச் சுற்றி ஓடியது, நிற்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் பால் ஞாபகம் வந்தது. போன வெயில் காலத்தில் இரண்டு தடவை பால் திரிந்துபோனது. “ஃபிரிட்ஜ் இருந்தும் பால் கெட்டுப்போகுதுன்னா வீட்ல இருந்து என்னதான் பாக்குற?” என்று கத்தினேன். “சுவிட்ச போட மறந்துட்டேன்” என்றாய். ஃபிரிட்ஜ் சுவிட்சை யாராவது அணைப்பார்களா என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, அம்மா? சொன்னால் கேமை நிறுத்து என்று சொல்லியிருப்பேன் என்றா? சொல்லியிருப்பேனோ?

திங்கட்கிழமை பில்டிங் எலக்ட்ரீஷியன் வந்து போர்டைக் கழற்றிக் காட்டினார். “யே தோ ஜல் கயா தா”, இது எப்போதோ எரிந்துபோயிருக்கிறதே என்று தலையில் கை வைத்தார். வீடு தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயமாம். கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு லைன் இழுத்துக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிவந்து கிளீனர் சீட்டில் உட்காரவைத்தேன். லாரி பம்பில் நின்றது. எனக்குக் கை வரவில்லை. இத்தனை நாள் அது அணைந்து அணைந்து நீ விட்ட இடத்துக்கே என்னைக் கூட்டிவந்தது. இப்போது ஓட்டிப் போய்ச் சரக்கை இறக்கினால் நீ நிறுத்திய அந்த இடம் போய்விடும். அதை அப்பாவிடம் சொன்னேன்.

அவர் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏத்துன சரக்க எறக்காம அவ ஒரு நாளும் விட்டதில்ல. சோறு வைக்கத்தான எந்திரிச்சா? வந்து எடுக்கணும்னுதான் நிறுத்திருக்கா.” பிறகு மெதுவாக, “நீ எடு பிள்ளே. நான் இருக்கேன்லா” என்றார்.

உன் ஆட்டத்தை அப்படியே நகல் ஒன்று எடுத்து வைத்திருக்கலாம். ஸ்டூடியோவில் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் எடுக்கிறவள் நான். அன்றைக்கு எடுக்கவில்லை. கியரைப் போட்டேன்.

ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினேன். ஒரு டோல்கேட்டில் இடித்தேன். “வண்டிய ஒடச்சிராத” என்றார். ரோடு காலியாக இருந்த ஒரு இடத்தில், “மாடு நிக்கா?” என்று கேட்டார்.

“மாடா? இதுல மாடே கெடையாதுப்பா.”

அப்பா சிரித்தார். உன்னைக் கொண்டுபோன பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

“தெரியும். அவ தெனமும் நாலு மாடு சொல்லுவா. வெள்ள மாடு, செவல மாடு, ஒண்ணு ரோட்டுல படுத்துருக்குன்னுட்டு ஹார்ன் அடிப்பா. நானும் நம்புன மாரியே கேட்டுக்கிட்டு இருப்பேன்.”

சரக்கு இறக்கும் இடத்தில் லாரியைப் பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். எனக்கு இரண்டு தடவை கோணலாகப் போனது. பின்னால் எடுக்கும்போது வருகிற பீப் சத்தத்தை அப்பா காதைச் சாய்த்துக் கேட்டார். “வரட்டும். வரட்டும். ஸ்டியரிங்க லேசா ஒடி. வரட்டும். ஹான், போதும்.” சரக்கு சேர்ந்துவிட்டதாகத் திரையில் எழுத்து வந்தது. ஞானம் என்று உன் பேரும் வந்தது. படித்துக் காட்டினேன்.

அப்பா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அடக்கத்தில் அழாத மனுஷன். நான் இஞ்சினை அணைக்கவில்லை, ஓடட்டும் என்று விட்டுவிட்டேன். ரொம்ப நேரம் கழித்துத் துண்டை எடுத்தார்.

“நாளைக்கு என்ன லோடு?”

அவ்வளவுதான் அம்மா, சேதி. இப்போது வாரத்தில் நான்கு நாள் சீக்கிரம் வந்துவிடுகிறேன், ஸ்டூடியோவில் பேசிச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். கேமை நினைத்து அங்கே யாரும் சிரிப்பதில்லை, நான் சிரிக்க விடுவதில்லை.

இன்னொன்று. செம்பூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். லாரி இல்லை, சின்ன கார்தான். அடக்கத்துக்குப் பிறகு அப்பா இன்னும் உன் கல்லறைக்கு வரவில்லை. டாக்ஸியில் பின்சீட்டில் உட்கார்ந்து வரமாட்டேன் என்று பிடிவாதம். லைசென்ஸ் கையில் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவரை எனக்கு இடப்பக்கம் உட்காரவைத்து நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன். கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு முன்னால் வண்டியை எங்கே நிறுத்துவது என்று அவர் சொல்லுவார். நீ சத்தம் கேட்டே தெரிந்துகொள்வாய்.

வருவோம் என்கிற வாக்கோடு,
ஞானத்தின் மகள்,
பிளெஸ்ஸி