இரண்டாம் நம்பர் ஸ்விட்ச்

25.9.09 வெள்ளி
காலையிலிருந்தே புழுக்கம். லேபில் ஒரு ஏசிதான் ஓடுகிறது.

செவ்வாய் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். வேலைக்கு ஆள் எடுக்க ஆன்லைன் தேர்வு. போன வருஷம் ஒருத்தரும் காலேஜ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதனால் பிரின்சிபால் சாருக்குத் தூக்கமில்லை. லேபைப் பார்த்துக்கொள்ளும் எனக்கும்தான். தங்கச்சி தேவி எழுதுகிறாள். நைனா இந்த வேலையைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

இன்றைய வேலை: கம்ப்யூட்டர்களைச் சர்வரோடு இணைக்கும் ஸ்விட்ச் இரண்டையும் பின்பக்கம் தடிக் கேபிளால் கோத்து ஒன்றாக்கியாயிற்று. ஒன்றாம் நம்பரில் முதல் லேப், இரண்டில் இரண்டாம் லேப். அந்தக் கேபிள் போனால் இரண்டுமே 'நான்தான் தலை' என்று கிளம்பும். ஒரே முகவரியில் இரண்டு பேர். சர்வர் யாருக்குப் பதில் சொல்லும்? இரண்டு லேபும் நாறிப்போகும். வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தேன். நாறிப்போனது.

பிறகு இரண்டுக்கும் நடுவே தனியாக ஒரு சின்னக் கேபிள், இணைப்பு பிரிந்ததைக் கண்டுபிடிக்கும் செட்டிங். மறுபடி பிடுங்கினேன். ஒன்று நின்றது. இரண்டு, ஒயர் சொருகும் தன் போர்ட்டையெல்லாம் தானே மூடிக்கொண்டது. சபாஷ்.

எது மூட வேண்டும் என்பது என் கையில். தேவிக்கு இடம் இரண்டாம் லேப். மூடுவதை ஒன்றாம் நம்பருக்கு மாற்றிவிடலாமா என்று கை போனது. முதல் லேபில்தான் பிள்ளைகள் அதிகம். அப்படியே விட்டேன்.

26.9 சனி
ஆயுத பூஜை காலேஜில் இன்றே. பொரி, கடலை, பூசணிக்காய். லேப் துடைக்கும் ராணியக்கா சர்வர் ரூமுக்குள்ளும் போயிருக்கிறாள்.

"பின்னாடி ஒயரெல்லாம் கழட்டினியாக்கா?"

"ஆங். தூசி அவ்ளோ கெடந்துச்சு. தொடச்சி, சந்தனம் வெச்சி, திரும்ப மாட்டிட்டேம்மா. உள்ளாறகூட பொட்டு வெச்சிருக்கேன்."

உள்ளே என்றால் எங்கே? போய்ப் பார்த்தால் பூட்டு. பிரின்சி: "பூஜை போட்டாச்சு. செவ்வாக்கெழம வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

27.9 ஞாயிறு
லேசான தூறல். மலைக்கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. பிரின்சி வீட்டுக்கே போனேன். கேசரி கொடுத்தார், சாவி கொடுக்கவில்லை.

"பூஜையில இருக்கறதத் தொட்டு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

தொடாமல் ஆனாலும் நான்தான் சொல்லணும்.

29.9 செவ்வாய்
எமகண்டம் முடிந்துதான் பிரின்சி சர்வர் ரூம் கதவைத் திறந்தார். தேங்காய், கற்பூரம். பிள்ளைகள் வாசலில் வரிசை. ஸ்விட்ச் விளக்கெல்லாம் பச்சை. கழற்றிப் பார்க்க நேரமில்லை.

பாதித் தேர்வில் இரண்டாம் லேப் நின்றது. ஓடினேன். பின்பக்கக் கேபிள் செத்திருந்தது. நான் சொல்லிவைத்தபடியே இரண்டாம் நம்பர் எல்லாவற்றையும் மூடியிருந்தது. முதல் லேப் ஓடிக்கொண்டிருந்தது.

பிரின்சி பின்னாலேயே: "இன்னாம்மா பாத்துகினு இருக்கே? அதையும் தொறந்து வுடு."

"தொறந்தா மொத லேபும் போயிடும் சார்."

"உன் தங்கச்சியே அங்கதான உக்காந்துகினு இருக்கா."

கை கீபோர்டில். ஒரு வரி போதும். அடிக்கவில்லை.

கேபிள் முனைக்குள் காய்ந்த சந்தனம். முழுசாக இறங்கவே இல்லை, இவ்வளவு நேரம் தொட்டும் தொடாமலும் ஓடியிருக்கிறது. சுரண்டி, மாட்டி, இரண்டாம் நம்பர் எழுந்து வருவதற்குள் நேரம் முடிந்தது. கம்பெனிக்காரர்: முதல் லேப் விடைகள் செல்லும், மற்றவர்களுக்கு மறுதேர்வு உண்டா என்று நாளைக்குச் சொல்கிறோம்.

ராணியக்கா அழுதாள். திட்டப் போனேன், தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தேன். தேவி என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தாள். வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

30.9 புதன்
மறுதேர்வு இல்லை. போன் வந்துவிட்டது.

முதல் லேபில் எழுதிய கே.ஜி.கண்டிகைப் பையனுக்கு வேலை. கூலிக்குப் போகும் அவன் அம்மா சாயங்காலம் லட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நைனாவிடம், "பெரிய பொண்ணு புண்ணியங்க. நேத்து பெரிய சார் சொல்லியும் அது அசையாம நின்னுச்சாம்."

நைனா என்னைப் பார்க்கவில்லை. தேவிதான் எழுந்து தட்டை வாங்கினாள். அந்தம்மா போனதும் கேட்டாள்.

"நீ தொறந்திருந்தா அவனுக்கும் போயிருக்குமாக்கா?"

"ஆங்."

"எனக்கு வந்திருக்குமா?"

"வந்திருக்காது."

ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டாள். அழுதுகொண்டே தின்றாள்.