தவிட்டுச் சூடு

நல்லூர், திருப்பூர்
9.11.2003

அன்புள்ள செல்விக்கு,

சசிகுமார் எழுதுகிறேன். உன் அக்கா போன பிறகு ‘மாமா’ என்று போட்டுக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. அதனால் பேரை எழுதிவிட்டேன். வீட்டு முகவரிக்கு அனுப்பினால் அத்தை பிரிக்காமலே கிழித்துவிடுவார்கள். நீ போகிற கிளை நூலகத்துக்கு அனுப்புகிறேன். நூலகர் உன் கையில்தான் கொடுப்பார் என்று நம்புகிறேன்.

தீபாவளிக்கு முதல் நாள் அவிநாசிபாளையம் வந்தேன். நீ உள்ளே இருந்தாயா என்று தெரியாது. வெண்ணிலாவுக்கு ஒரு சட்டை எடுத்து வந்திருந்தேன். அத்தை கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, "என்ற புள்ளையத்தான் அனுப்பி வெச்சுட்டே. இதையும் கொண்டுபோயி என்ன பண்ணப் போறே?" என்றார்கள். தெருவில் நாலு பேர் நின்று பார்த்தார்கள். என் பெண் உள்ளே ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு நிற்கவே இல்லை. என் குரல் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

கம்பெனியில் உன் அக்கா பூங்குழலி தைத்த மெஷினில் இன்னும் யாரும் நிலையாக உட்காரவில்லை. புதிதாக வருகிற பெண்களை அங்கே அமர்த்தினால் மதியத்துக்குள் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். லைன் சூப்பர்வைசர் நான்தான். ஆனாலும் ஏன் என்று கேட்பதில்லை. அத்தனை மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவள் மெஷின் எது என்று முன்பெல்லாம் எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். இப்போதும் சில நேரம் தெரிகிறது. திரும்பிப் பார்ப்பதில்லை.

வெண்ணிலாவை என்னிடம் அனுப்பச் சொல்லி நீதான் கேட்க வேண்டும். என் அம்மா மயிலாள் இங்கேயே வந்து தங்கிப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார்கள். அத்தையிடம் நான் கேட்டால் நடக்காது. நான்கு வயதுப் பிள்ளை, செல்வி. மறப்பதற்கு அதற்கு ரொம்ப நாள் வேண்டாம்.

சசிகுமார்

*

அவிநாசிபாளையம்
16.11.2003

மாமாவுக்கு,

மாமா என்றே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை.

நீங்கள் வந்த அன்று உள்ளேதான் இருந்தேன். பிற்பாடு கதவைத் திறந்து, நீங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போன பையை எடுத்துக்கொண்டேன். சட்டை சரியாக இருக்கிறது. அம்மாவிடம் என் தோழி கொடுத்தாள் என்று சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்பதற்குப் பதில் சொல்லும் முன் நான் ஒன்று கேட்க வேண்டும். அக்கா இறந்தபோது நான் ஈரோட்டில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். வந்தபோது முகத்தை மட்டும் காட்டினார்கள். கழுத்து வரை துணி சுற்றியிருந்தது. அன்று மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்கா வாசல் தெளிக்கிற விஷச் சாணிப்பவுடரைக் கரைத்துக் குடித்துவிட்டாள், நீங்கள் அவளை அப்படிச் செய்ய வைத்தீர்கள் என்று அம்மா சொல்கிறாள். தொண்டை வீங்கியதும் பேச்சு போனதும் எச்சில் வடிந்ததும் அதனால்தானாம். பல் என்று ஒருமுறை நீங்கள் சொன்னீர்கள். அதற்கு ஊரே சிரித்தது. "பல்லு வலிச்சு ஆராச்சும் சாவாங்களா?" என்று இன்னும் கேட்கிறார்கள். அம்மா சொல்வதை நான் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

வீட்டில் அக்காவைப் பற்றிப் பேச்சே கிடையாது. ஆனாலும் அவள் இருக்கிறாள். அம்மா சாதம் பிசையும்போது திடீரென்று நிறுத்திவிட்டு, தன் தாடைக்கு அடியில் விரலை வைத்து அழுத்திப் பார்க்கிறாள். ஒவ்வொரு நாளும். வெண்ணிலா தன் பொம்மைக்குத் தாடையைச் சுற்றித் துணி கட்டியிருக்கிறாள். ஒரு சிறு மூட்டையை அதன் கன்னத்தில் வைத்து எடுக்கிறாள். "சூடு போதுமா சாமி? பொறுத்துக்கோ சாமி" என்கிறாள். என் அம்மாவின் குரல் அப்படியே வருகிறது.

என்ன நடந்தது என்று எழுதுங்கள். எனக்காக எதையும் குறைக்க வேண்டாம்.

அன்புசெல்வி

*

நல்லூர்
23.11.2003

அன்புள்ள செல்விக்கு,

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டதற்கு முதலில் நன்றி.

கீழ்வரிசையில் கடைசிக் கடைவாய்ப் பல். தை மாதமே வலி தொடங்கிவிட்டது. கம்பெனியில் யாருக்கு எங்கே வலித்தாலும் கொடுக்க ஒரு மாத்திரை இருக்கிறது. போட்டால் ஷிப்ட் முடியும்வரை ஓடும். அவளும் போட்டுக்கொண்டாள். வலி போனதும் பல் சரியாகிவிட்டது என்றே நாங்கள் நினைத்தோம். தனியார் பல் டாக்டர் ஒருவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டினோம். வேரைச் சுத்தம் செய்து மேலே மூடி போட வேண்டும், பல தடவை வர வேண்டும் என்றார். வெளியே வந்ததும், "ஒரு பல்லுக்கு இத்தனையா? உடுங்க, அதும்பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் காலையில் மட்டும்தான். அந்த நேரத்தில் எங்கள் லைனில் குழந்தைச் சட்டை ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. பெர்மிஷன் போடு என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "சூப்பர்வைசரு பொண்டாட்டிக்கு மட்டும் பல்லு இருக்குதான்னு கேப்பாளுக. உங்களுக்கு எதுக்குங்க அந்தப் பேச்சு?" என்றாள்.

வைகாசியில் உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவுக்கு அவளையும் குழந்தையையும் கொண்டுவந்து விட்டேன். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. நோம்பி சாட்டிக் காப்புக் கட்டிய பிறகு வெளியூரில் போய்த் தங்கக் கூடாது என்பது உங்கள் வழக்கம். கழியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டோம். நான் திரும்பி வந்து பார்த்தபோது அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. கன்னத்தில் இருந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருந்தது. கார் பிடித்துப் பல்லடம் போனோம். அங்கே டாக்டர் பார்த்ததும் பல்லிலிருந்து சீழ் இறங்கி மூச்சை அடைக்கிறது, உடனே கோயமுத்தூர் போங்கள் என்றார். வழியில் என் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினாள். எனக்குப் புரியவில்லை. மறுபடி எழுதச் சொன்னேன். சூலூர் தாண்டவில்லை.

அவ்வளவுதான் செல்வி. அத்தையிடம் இதையெல்லாம் கேட்காதே.

மாமா

*

அவிநாசிபாளையம்
4.12.2003

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நூலகத்தில் படித்தேன். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் பி.எட். விண்ணப்பம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். பல்லால் சாக முடியுமா என்று ஒரு டாக்டர் வாயால் கேட்க வேண்டும் போல இருந்தது.

வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. எனக்கு முன்னால் செல்லத்தாய் என்று ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கம் ஊர். பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாளாம். "என்னத்தா, ஒனக்கு எந்தப் பல்லு?" என்றாள்.

"எனக்கில்லீங்க. டாக்டர்கிட்ட ஒண்ணு கேக்கோணும்."

"கேக்கதுக்கா வரிசையில நிக்க? நாங்க பிடுங்கதுக்கே நிக்கோம்" என்று சிரித்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் சிரித்தாள். "பல்லு டாக்டரும் கம்பெனி கேட்டும் ஒரே நேரத்துல தொறக்கு. இங்க வந்தா அங்க அடைச்சிருதான். இன்னைக்கு வலி ஜெயிச்சிட்டு."

பின்னால் நின்ற ஒரு பெரியவர், "அம்மிணி, எல்லாத்தையும் புடுங்கீருங்க. வாயிக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்" என்றார்.

"ஒமக்குத்தான் பிடுங்க ஒண்ணும் மிச்சமில்லையே. நீரு எதுக்கு நிக்கீரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் மாமா. அக்கா அந்த வரிசையில் நின்றிருந்தால் இவர்களோடு சேர்ந்து சிரித்திருப்பாள். ஒரு பல்லைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பாள். இதை நினைத்தபோது என் பின்னால் அவள் நிற்பதைப் போல இருந்தது. திரும்பினேன். பெரியவரைத்தான் பார்த்தேன்.

டாக்டர் ஒரு பெண். நான் கேட்டதும், "பல் வலியில் சாகமாட்டாங்க. பல்லைச் சும்மா விட்டா சாவாங்க" என்றார். என் தாடைக்கு அடியில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். "இங்கே வழி கிடைச்சா சீழ் இப்படி இறங்கும். நாக்கை மேலே தூக்கும். அப்புறம் மூச்சு." அம்மா தினமும் தன் விரலை வைப்பது அதே இடத்தில்தான்.

பிறகு அவர், "வீட்டில் என்ன செஞ்சீங்க? ஒத்தடமா?" என்றார். எனக்கு வெண்ணிலாவின் பொம்மை நினைவுக்கு வந்தது. தவிட்டு ஒத்தடம் என்றேன். "எல்லார் வீட்டிலும் அதுதான். வீங்கின கன்னத்துக்கு வெளியிலிருந்து சூடு வைக்கவே கூடாது. சீழ் பரவும். அதனால்தான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா ஒத்தடம் போட்டுக்கிட்டே நாள் போயிருது, பாருங்க, அதுதான்."

வரும்போது பஸ்ஸில் உங்கள் கடிதத்தை மனதுக்குள் மறுபடி படித்தேன். கொண்டுவந்து விட்டதிலிருந்து திரும்பி வந்தது வரை நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த நாள்களில் அம்மா இருந்தாள். உங்களுக்கு இது முன்பே தெரியும், இல்லையா? தெரிந்தும் ஊர் உங்களைச் சொன்னபோது ஏன் பேசாமல் இருந்தீர்கள்?

செல்வி

*

நல்லூர்
11.12.2003

அன்புள்ள செல்விக்கு,

பல்லடத்தில் அந்த டாக்டர் கன்னத்தில் சூடு பட்ட தடத்தைப் பார்த்துவிட்டு, "யார் ஒத்தடம் போட்டது?" என்று சத்தம் போட்டார். அத்தை காரில் உட்கார்ந்து மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான்தான் என்று சொன்னேன். அன்றைக்குச் சொன்னது அப்படியே இருக்கட்டும்.

அத்தைக்குத் திட்ட ஒரு ஆள் வேண்டும். நான் நல்லூரில் இருக்கிறேன். திட்டு இவ்வளவு தூரம் கேட்பதில்லை. தன்னையே திட்ட ஆரம்பித்தால் அந்த வீட்டில் யார் தாங்குவது? அப்பாவும் இல்லை. நீதான் தாங்க வேண்டும்.

இதைச் சொல்லித்தான் வெண்ணிலா எனக்குக் கிடைப்பாள் என்றால், கிடைக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் வளரட்டும். தானாக வருவாள்.

மாமா

*

அவிநாசிபாளையம்
8.1.2004

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்கத்தான் நினைத்தேன். நான் படித்ததும் கேட்டதும் எனக்குள்ளேயே கிடக்கட்டும் என்று மார்கழி பாதி வரை ஒன்றும் பேசவில்லை. உங்களுக்கும் எழுதவில்லை.

போன வாரம் வெண்ணிலாவுக்குப் பல் வலித்தது. கடைவாயில் ஒரு பால் பல் சொத்தை. காலையில் கன்னம் வீங்கியிருந்தது. நான் பல் தேய்த்துவிட்டு உள்ளே வருவதற்குள் அம்மா இரும்புச் சட்டியில் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்துவிட்டாள். குழந்தை அம்மா மடியில் கன்னத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. "ஒண்ணுமில்ல சாமி. அம்மாயி ஒத்தடம் குடுக்கறேன். உங்கம்மாளுக்கும் இப்படித்தான் குடுத்தேன்" என்றாள்.

நான் போய் அம்மாவின் கையைப் பிடித்தேன். மூட்டை தரையில் விழுந்து தவிடு சிந்தியது. "என்னடி பண்றே?" என்றாள். சொன்னேன் மாமா. ஆஸ்பத்திரிக்குப் போனதை, டாக்டர் சொன்னதை, பல்லடத்தில் நீங்கள் சொன்னதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நானா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். டாக்டர் சொன்னதையே சொன்னேன், அதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்று. அதில் அம்மாவின் காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று எனக்குத் தெரியும். அழவில்லை. தவிட்டைக் கூட்டி அள்ளினாள். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "எந்த பஸ்ஸுக்குப் போகோணும்?" என்றாள். ஆஸ்பத்திரி வரிசையில் குழந்தையைக் கீழே விடவே இல்லை. டாக்டர் பல்லை எடுத்துவிட்டார். வீக்கம் வற்றிவிட்டது. வெண்ணிலா இப்போது முறுக்கு கேட்கிறாள். நீங்கள் பயப்பட வேண்டாம்.

அம்மாதான் இப்போது வேறு மாதிரி இருக்கிறாள். மறுநாள் காலையில் எதிர்வீட்டுப் பூவாத்தாளிடம் போய், "என்ற புள்ள வெசம் குடிக்கலீங்க. பல்லுங்க. நாந்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாம ஒத்தடம் போட்டு வெச்சிருந்தேன்" என்றாள். "நீதான குழந்தையம்மா அன்னிக்கு அப்படிச் சொன்னே?" என்று அம்மாவைப் பேர் சொல்லிக் கேட்டாள் பூவாத்தாள். "சொன்னேன். பொய்யிங்க." அதன் பிறகு அடுத்த வீடு. அதற்கடுத்தது. இப்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். தான் முன்பு யாரிடமெல்லாம் சொன்னாளோ அவர்கள் இறங்கும்போது கையைப் பிடித்து நிறுத்திச் சொல்கிறாள்.

யாரும் நம்பவில்லை. பொய்யைச் சொன்னபோது எல்லோரும் உட்காரவைத்துக் கேட்டார்கள். இப்போது, "பாவம், புள்ள போனதுல புத்தி கலங்கிருச்சு" என்கிறார்கள். பூவாத்தாள் என்னிடமே கேட்டாள், "மாப்பிள்ளை வந்து ஏதாச்சும் சரிக்கட்டீட்டுப் போனாரா கண்ணு?" என்று. கூப்பிட்டால் அம்மா வீட்டுக்கு வருகிறாள். சாப்பிடுகிறாள். தாடையில் விரல் வைப்பதில்லை. விடிந்ததும் மறுபடி போய்விடுகிறாள். தாங்க வேண்டியவள் நான் என்று எழுதினீர்கள். தாங்குகிறேன். ஆனால் என்னால் அவளுக்குப் பக்கத்தில் நிற்கத்தான் முடிகிறது. நான் மகள். நான் நிற்பதால் யாரும் எதையும் நம்பப் போவதில்லை.

நேற்று வெண்ணிலாவின் துணிகளை அம்மாவே மடித்துப் பையில் வைத்தாள். "அவங்கப்பன வரச் சொல்லு. புள்ள அவங்கூட இருக்கட்டும்" என்றாள். அதற்கு மேல் உங்களைப் பற்றி எதுவும் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்ப்பாளா என்றும் எனக்குத் தெரியாது.

பொங்கல் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். காலை பஸ்ஸிலேயே வாருங்கள். ஊரே அந்த நேரத்தில் பஸ் ஸ்டாப்பில்தான் இருக்கும். அம்மாவும் இருப்பாள். நீங்கள் இறங்கியதும் உங்கள் கையைப் பிடித்து யாராவது ஒருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவாள் என்று நினைக்கிறேன். இழுத்த பக்கம் போங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை கையை விடுவித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கொழுந்தியாள்,
அன்புசெல்வி